அனுமதிக்கப்பட்ட கோஷம்

காரைக்காலில் மற்றவர்களுக்காகப் புண்படுவதற்கென்றே ஒரு கழகம் இருக்கிறது என்பது பட்டினச்சேரி உத்திராபதிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தன்றைக்கு வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையாகிவிட்டது.

உத்திராபதிக்குத் தொழில் கரைவலை. கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிற வேலை. அத்தனை பேருக்கும் மூச்சு ஒன்றாகச் சேர வேண்டுமென்றால் ஒருத்தர் பாட்டு எடுக்க வேண்டும், மற்றவர்கள் ஏலேலோ போட வேண்டும். பட்டினச்சேரியில் எடுக்கிற வாய் உத்திராபதியின் வாய். அந்தப் பாட்டு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கண்ணுக்கு முன்னால் எவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறானோ, அவன்தான் பாட்டு. அவன் மூக்கு வரும், நடை வரும், மாமியார் வீட்டில் மூன்றாவது தடவை சோறு கேட்டது வரும். பாட்டு வாங்கினவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. வந்து கயிற்றில் ஒரு கை போட வேண்டும், முடியாவிட்டால் பதிலுக்கு ஒரு பாட்டு அடி எடுத்துவிட வேண்டும். சுனாமி நிவாரணம் பார்வையிட வந்த பெரிய அதிகாரி ஒருத்தர்கூட இப்படிப் பாட்டு வாங்கி, கால்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு கயிறு பிடித்தார்.

ஒன்றே ஒன்று மட்டும் அந்தப் பாட்டில் வராது. கடல் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு சொல் யாரும் எடுக்க மாட்டார்கள். அதைச் சட்டமாக யாரும் சொல்லித் தந்ததில்லை. சொல்லித் தர வேண்டிய அளவுக்கு அங்கே யாரும் கெட்டுப்போகவில்லை.

அலை வந்த அன்றைக்குக் காலையிலும் உத்திராபதி கயிற்றில்தான் நின்றார். கடல் உள்வாங்கி மறுபடி எழும்பியதை முதலில் பார்த்த கண் அவருடையது. ‘அலை வருது, ஓடு’ என்று அவர் போட்ட சத்தம் கடைசித் தெருவரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தால் பிழைத்தவர்கள் இன்றைக்கும் ஊரில் நடமாடுகிறார்கள். மகன் முகிலனும் அப்பா சொன்னபடி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பாதி வழியில் அம்மா கமலாம்பாள் கையை உதறிக்கொண்டு, கருவாட்டுப் பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கத் திரும்பினாள். அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக முகிலன் கடற்கரைப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. மீன்பிடிக்கிற ஊரில் கடலுக்குப் போகாத இருபது வயசுப் பையனை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வது? படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. அவனிடம் மிச்சமிருந்தவை இரண்டு கைகள். அம்மா கையை விட்ட அதே கைகளால் அவன் பந்தைப் பிடிக்க ஆரம்பித்தான். பிடித்த பந்தை விட மாட்டான், நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடப்பான், நடுவர் வந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கும். பட்டினச்சேரி அணிக்கு அவனைப்போல ஒரு கோல்கீப்பர் வாய்த்ததில்லை.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறி ஐம்பது வருஷம் தாண்டிய பிறகும் காரைக்காலில் அவன் தேசிய நாள் பெயரில் வருஷந்தோறும் நடக்கிறது பதினாலு ஜூலை கோப்பை. நடத்துவது வட்டாரக் கால்பந்து நற்கழகம். இறுதி ஆட்டத்தை ஒழுங்காக ஆடி முடிக்கிற இரண்டு அணிக்கும் கழகம் சான்றிதழ் கொடுக்கும். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. அந்தக் காகிதம் இருந்தால் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கின போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். முகிலன் தலையில் போலீஸின் சிவப்புத் தொப்பியைப் பார்த்துவிட்டால் கமலாம்பாளிடம் போய்ச் சொல்ல தனக்கு ஒரு வார்த்தை இருக்கும் என்று உத்திராபதி நினைத்தார். வேறு ஆசை அவருக்குக் கிடையாது.

லீக் ஆட்டத்தில் டவுன் அணியோடு மோதியபோது ஒரு சங்கதி நடந்தது. முகிலன் கோலில் வந்து நின்றதும் டவுன் ரசிகர்கள் கைதட்டித் தாளம் போட்டு ‘அலை வருது ஓடு, அலை வருது ஓடு’ என்று கத்த ஆரம்பித்தார்கள். முகிலன் இரண்டு கையாலும் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பந்து அவன் பக்கத்திலேயே உள்ளே போனது. கமலாம்பாளின் தங்கை பூவாயி மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு அடிக்கக் கிளம்பினாள், நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். பாட்டில் இதை எடுக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே உத்திராபதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த ஆட்டம் போனாலும் பட்டினச்சேரி எப்படியோ அரையிறுதிக்கு வந்துவிட்டது. எதிர் அணிக்குக் கோல்கீப்பர் கபீர், ஊர்ப் பேச்சில் கபீர் நானா, அதாவது கபீர் அண்ணன். பேருந்து நிலையம் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவர், நல்ல தாட்டியான ஆள், சிரிக்காத நேரம் குறைவு. உத்திராபதி ஓரமாக, ஒழுங்காகத்தான் நின்றிருந்தார். கெட்ட நேரம், கூட்டம் உள்ளே வராமல் மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு கைக்கு எட்டிவிட்டது. கயிறு கையில் பட்டால் உத்திராபதிக்கு வாய் நிற்காது. எதிரே கபீர் வேறு பந்து வராத நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கபீர் நானா கோலுக்குள்ள – ஏலேலோ
கல்யாணச் சோறு வயித்துக்குள்ள – ஏலேலோ
பந்து வந்தா குனிய மாட்டாரு – ஏலேலோ
பந்தி போட்டா நிமிர மாட்டாரு – ஏலேலோ

ஊரே ஏலேலோ போட்டது. கபீர் வயிற்றைத் தடவிக்காட்டிவிட்டு, ஆட்டத்துக்கு நடுவிலேயே பதில் எடுத்தார்.

வலையில உள்ள மீன விட – ஏலேலோ
வாயில உள்ள பொய் அதிகம் – ஏலேலோ

அதற்கும் பட்டினச்சேரிதான் ஏலேலோ போட்டது. சிரித்த சிரிப்பில் கபீர் ஒரு பந்தை விட்டார், அவர் அணிக்கு ஆட்டமும் போனது. முடிந்ததும் வந்து உத்திராபதியைக் கட்டிக்கொண்டு, தன் தங்கை பஹீமா நிக்காஹ்வுக்கு வந்து இதே பாட்டை மாப்பிள்ளைமேல் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் கழகத்திலிருந்து ஓலை வந்தது. முகிலன் வாசித்தான். விளையாட்டு வீரர் கபீர் அவர்களின் வயிற்றைத் தாங்கள் பொதுவெளியில் குறிப்பிட்டதால் கழகத்தின் உள்ளம் புண்பட்டிருக்கிறது, கோஷ நன்னடத்தைக் குழுவின் முன் ஆஜராகவும், தவறினால் பட்டினச்சேரி அணி இறுதி ஆட்டத்தில் ஆட முடியாது. வாசித்து முடித்து முகிலன் அதை மடித்து அப்பா கையில் கொடுத்தான். அவன் திட்டியிருந்தால்கூட உத்திராபதிக்கு நன்றாக இருந்திருக்கும்.

கழகத்தின் அலுவலகம் பிரெஞ்சுக்காலத்து மாடிவீடு. தலைவர் தெட்சிணாமூர்த்தி உயரமான நாற்காலியில், கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மரக்கடை உண்டு, டவுன் அணிக்குப் புரவலரும் அவரே. செயலாளர் சிவபாலன், விதிமுறைகளை மனப்பாடமாகச் சொல்கிறவர், மேசையோரம் எழுத உட்கார்ந்திருந்தார். கபீரும் கடையை மூடிவிட்டு உத்திராபதிக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்தார்.

தலைவர் முதலில் தன் தகுதியைச் சொன்னார். “புண்படுறதுல எங்க குடும்பத்துக்கு அனுபவம் ஜாஸ்தி. பிரெஞ்சுக்காரன் காலத்துல எங்கப்பா மெரிக்குப் போனப்ப அவருக்கு நாற்காலி போடல. அதுக்காக இன்னிக்கு வரைக்கும் நாங்க புண்பட்டுக்கிட்டிருக்கோம். அதனாலதான் ஊர்ல யார் புண்பட்டாலும் முதல்ல எனக்குத் தெரிஞ்சிடுது. சில சமயம் அவங்களுக்கு முந்தியே தெரிஞ்சிடுது.” மெரி என்றால் அந்தக் காலத்து நகராட்சி.

கபீர் எழுந்து, நான் புண்படவில்லை, சிரித்தேன், பதில் பாட்டும் பாடினேன் என்றார். சிவபாலன் பேனாவை மூடி வைத்தார். சம்பந்தப்பட்டவர் சொல்வது சொந்த விருப்பு வெறுப்பு, அதைப் பதிவு செய்ய விதியில்லை என்றார். ஒருவருக்காக இன்னொருவர் புண்பட்டால்தான் அது பொதுநலம். கபீர் புண்பட்டாரா இல்லையா என்பது கபீருக்கு எப்படித் தெரியும் என்றும் அவர் கேட்டார். கபீர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியில் போய் உட்கார்ந்தார்.

அடுத்தது அளவெடுப்பு. கேலி எங்கே முடிகிறது, வசை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கத்தான் குழு என்றார் தலைவர். ஆகவே கோஷத்தை அதே மாதிரி இங்கே பாடிக்காட்ட வேண்டும். உத்திராபதி பாடப் பார்த்தார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. கயிறு இல்லாமல் வராதுங்க என்று அவர் சொன்னதைச் சிவபாலன் ‘குற்றக்கருவி’ என்று எழுதிக்கொண்டு, கொல்லைக் கிணற்றிலிருந்து வாளிக்கயிற்றை அவிழ்த்துவரச் செய்தார். இழுக்க ஒரு கனம் வேண்டுமே. கோப்பையைப் பூட்டிவைத்திருந்த இரும்பு பீரோவின் காலில் கட்டினார்கள். ஏலேலோ போட ஆள் வேண்டுமே. பதிவுக்காகச் செயலாளரே போடுவது என்று தீர்மானமானது.

உத்திராபதி கயிற்றைப் பிடித்தார். கபீர் பாட்டைத்தான் எடுக்க வேண்டும் என்று மனசில் முடிந்து வைத்துக்கொண்டுதான் பிடித்தார். ஆனால் கபீர் வெளியில் இருந்தார். எதிரே கையைக் கட்டிக்கொண்டு, கயிறு பிடிக்காமல் உட்கார்ந்திருந்தது யார்? பரம்பரையாக வந்த வாய் அது, கண் பார்த்ததைத்தான் எடுக்கும்.

கையக் கட்டி உக்காந்திருக்கார் – ஏலேலோ
காலு தரையில எட்டாதவரு – ஏலேலோ
பந்த ஒருநாள் தொட்டதில்ல – ஏலேலோ
பந்தல் ஒண்ணையும் விட்டதில்ல – ஏலேலோ

முதல் ஏலேலோவைச் சிவபாலன் ஆஜர்பட்டியல் வாசிக்கிற குரலில் போட்டார். இரண்டாவதில் தலை ஆடியது. மூன்றாவதில் மனுஷர் எழுந்து வந்து கயிற்றில் கை போட்டுவிட்டார். நாலாவதில் பீரோ தரையைக் கிழித்துக்கொண்டு நகர்ந்து தலைவரின் நாற்காலியில் இடித்தது, உள்ளே கோப்பை உருண்டு விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கின பிறகுதான் உத்திராபதிக்குத் தான் பாடினது இன்னதென்று உறைத்தது. அடப்பாவி, மகன் வயிற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே என்று தன்னையே சபித்துக்கொண்டார்.

தெட்சிணாமூர்த்தி தழுதழுத்த குரலில் சொன்னார்: “இத்தனை வருஷமா மத்தவங்களுக்காகப் புண்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் எனக்காகப் புண்பட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குங்க. இது வலிக்குது.”

வலித்தாலும் விதி விதிதான். தலைவர் சம்பந்தப்பட்டவர் ஆகிவிட்டதால் அவரே புகார் சொல்ல முடியாது. அவருக்காகச் செயலாளர் புண்பட்டார். ஏலேலோ போட்டதும் அவர்தானே என்று வெளியிலிருந்து கபீர் கேட்டார். அது பதிவுக்காகப் போட்டது, புண்பட்டது மனசார என்றார் சிவபாலன்.

உத்திராபதி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், மைதானத்துப் பக்கமே வரமாட்டேன், பையன்களை மட்டும் ஆடவிடுங்கள் என்று கெஞ்சினார். கெஞ்சிக்கொண்டே டவுன் ரசிகர்கள் லீக் ஆட்டத்தில் போட்ட கோஷத்தையும் சொன்னார். சொல்லும்போது அந்தச் சொற்களை அப்படியே சொல்ல நாக்கு வரவில்லை, ‘அதச் சொன்னாங்கய்யா’ என்றுதான் சொன்னார்.

அது எதுவென்று சிவபாலன் எடுத்துச் சொல்ல, தலைவர் முகம் தெளிந்தது. “அலைங்கறது இயற்கைங்க. இயற்கையைப் பத்திச் சொன்னா யாருக்கு என்ன? அதுல யார் வயிறும் வரல, யார் காலும் வரல. ஓடுன்னு சொல்றது வீரனுக்கு ஊக்கம். நீங்க என்ன, ஊக்கத்தைக் கூடக் குத்தம் சொல்றீங்க.”

அதோடு நீங்கள் சம்பந்தப்பட்டவர், புகார் செல்லாது என்று சிவபாலனும் முடித்து வைத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதற்கு விதி எண் போட்டுப் பார்த்தது அந்த மாடியில்தான்.

கடைசியில் கருணை காட்டினார்கள். டவுன் அணியோடு நடக்கிற இறுதி ஆட்டத்தில் பட்டினச்சேரி ஆடலாம். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து அனுமதிக்கப்பட்ட கோஷம் தவிர வேறு ஒரு சத்தம் வந்தால் அணி வெளியே போகும், சான்றிதழ் கிடையாது. அந்தப் பக்கம் நடத்தை சரியாக இருக்கிறதா என்பதற்கு உத்திராபதியே பொறுப்பு, ஆகவே அவர் கட்டாயம் வர வேண்டும். அனுமதித்த கோஷங்கள் ‘நன்று நன்று’, ‘நடுவர் வாழ்க’, அப்புறம் உணர்ச்சி மீறும் தருணங்களுக்கென்று ‘எதிரணியினரே, தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது’.

உத்திராபதி அதை ஊருக்குள் கொண்டுவந்து, மீன் ஏலம் முடிந்த மணலில் பெண்களையும் ஆண்களையும் உட்காரவைத்துப் பழக்கினார். எல்லோரும் அவருக்காகப் பழகினார்கள், கமலாம்பாள் பிள்ளைக்காகப் பழகினார்கள். பூவாயிதான் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே பந்து நெடுங்காடு ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றாள். ஆனால் அவளும் வீட்டில் மீன் அரியும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்ததை முகிலன் கேட்டுவிட்டு வந்து சொன்னான். சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து உத்திராபதி அழுதே விட்டார்.

இறுதி ஆட்டத்தன்றைக்கு மைதானத்தில் பட்டினச்சேரிப் பக்கம் மட்டும், குற்றக்கருவி என்று, கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டிக் கால் வந்தாலும் குற்றம், குரல் வந்தாலும் குற்றம். அந்தக் கோடு தலைவரின் பந்தலுக்கு நேரே வந்ததும் நாற்காலிகளுக்கு இடம் விட்டு வளைந்து போனது. பட்டினச்சேரிக்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தவர்களாட்டம் உட்கார்ந்திருந்தார்கள். பந்து டவுன் கோல் பக்கம் போகும்போதெல்லாம் உத்திராபதி விரலைத் தூக்குவார், உடனே நூறு தொண்டையிலிருந்து ‘நன்று நன்று’ என்று மெல்ல வரும். பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருந்தது.

முதல் பாதி எப்படியோ போயிற்று. இரண்டாவது பாதியில் முகிலன் டவுன் ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கோலுக்கு வந்தான். அவர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். அலை வருது ஓடு. அலை வருது ஓடு. தகரத்தைத் தட்டித் தாளம். ஒருத்தன் எழுந்து இரண்டு கையையும் அலைபோல உயர்த்திக் காட்ட, வரிசை வரிசையாக எழுந்து உட்கார்ந்தார்கள். முகிலன் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். ஒரு பந்து உள்ளே போனது. எடுத்து வீசக்கூட அவன் திரும்பவில்லை.

பூவாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள், சத்தம் வந்தால் அணி போய்விடுமே. உத்திராபதி எழுந்து, கோட்டைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார். தலைவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். உத்திராபதி கையைக் கூப்பினார், கோல் பக்கம் கையைக் காட்டினார். சம்பந்தப்பட்டவர் பேசக் கூடாது என்று சிவபாலன் ஆரம்பிப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கபீர் வந்துவிட்டார்.

“நான் புண்பட்டேன்” என்றார் கபீர். “எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அல்லா மேல ஆணையா நான் புண்பட்டிருக்கேன். எழுதிக்குங்க.”

விதிப்படி அதை மறுக்க முடியவில்லை. தலைவரும் செயலாளரும் குசுகுசுத்தார்கள். பிறகு சிவபாலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புகார் ஏற்கப்பட்டது, அடுத்தது அளவெடுப்பு என்றார். கோஷத்தைக் குழுவின் முன் பாடிக்காட்ட வேண்டும். காதில் விழுகிறதே, கேளுங்கள் என்றார் கபீர். அது மைதானத்தில் விழுகிறது, குழுவின் முன் விழவில்லை என்றார் சிவபாலன். அப்படியானால் நான் சொல்கிறேன் என்றார் கபீர். நீங்கள் புண்பட்டவர், நீங்களே சொன்னால் எப்படி. போன தடவை சம்பந்தப்பட்டவர்தான் பாடிக்காட்டினார், முன்னுதாரணம் இருக்கிறது. ஆகவே உத்திராபதிதான் பாட வேண்டும். அதே குரலில், அதே அளவில்.

உத்திராபதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையை ஆட்டி ஆட்டி மாட்டேன் என்றார். “அந்தச் சொல்ல நான் ஒரு தடவ சொல்லிட்டேங்கய்யா. இன்னொரு தடவ சொல்ல வைக்காதீங்க.”

விருப்பமில்லை என்றால் புகார் தள்ளுபடி என்றார் சிவபாலன். அங்கே தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. முகிலன் கம்பத்தோடு கம்பமாக, கண்ணை மூடிக்கொண்டு, சறுக்கிச் சறுக்கி உட்கார்ந்துகொண்டிருந்தான். அவன் இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டால் போதும், ஆட்டம் முடிந்துவிடும், காகிதம் கிடைத்துவிடும். ஆனால் அவனால் நிற்க முடியாது என்று பெற்றவருக்குத் தெரிந்தது. இந்தக் கோஷம் நிற்க வேண்டும். நிற்க வேண்டுமென்றால் இதைச் சொல்ல வேண்டும். கால் தள்ளாட, விழாமலிருக்கக் கையை நீட்டினார். பந்தலின் கயிறு கையில் அகப்பட்டது. தலைவர் பக்கத்துக் கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை.

“அலை வருது” என்றார் உத்திராபதி. “ஓடு.”

அது கோஷமாக வரவில்லை. அலை வந்த அன்றைக்குக் காலையில் வந்த குரலே வந்தது. மூன்று வருஷமாக அவர் தொண்டையில் அப்படியே இருந்திருக்கிறது.

தகரம் தட்டியவர்கள்தான் முதலில் ஓடினார்கள். தட்டின தகரத்தையே மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தலைவர் இளநீரைப் போட்டுவிட்டு மேசைமேல் ஏறினார், மேசையிலிருந்து சிவபாலன் முதுகில் ஏறினார், சிவபாலன் அவரைச் சுமந்துகொண்டே மேற்கே ஓடினார். நடுவர் விசிலைக் கடித்தபடி ஓடினார். இரண்டு அணிப் பையன்களும் ஓடினார்கள். பட்டினச்சேரிப் பெண்கள் யார் பிள்ளை என்று பார்க்காமல் கைக்கு அகப்பட்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பூவாயி விழுந்து எழுந்து, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். அதைக் கேட்டு உத்திராபதிக்கு உயிர் போய் உயிர் வந்தது. பொய்யி, பொய்யி என்று சொல்ல வாயைத் திறந்தார், குரல் முழுக்க அந்த ஒரு சத்தத்திலேயே செலவாகிவிட்டிருந்தது.

ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் ஓடி வந்தான். கோலை விட்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து, சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு, கடல் இருக்கிற கிழக்குப் பக்கம் நோக்கி, பந்தலுக்கு வந்தான் முகிலன். வந்து அப்பா கையைப் பிடித்தான். பந்தைப் பிடிக்கிற பிடி.

“வாங்கப்பா. இந்தத் தடவ விட மாட்டேன். கைய உதறாதீங்க, வாங்க.”

உத்திராபதி நகரவில்லை. அலை இல்லைடா என்று சைகையில்தான் சொன்னார். முகிலன் நம்பவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தான். காலியான மைதானத்தில் கபீர் ஒருத்தர்தான் பக்கத்தில் நின்று இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது, அச்சடித்தே வந்தது. டவுன் ரசிகர்கள் அந்தச் சொற்களைச் சொன்னபோது ஒருவரும் ஓடவில்லை, ஆகவே அது கேலி. அதே சொற்களை உத்திராபதி சொன்னபோது தலைவர் உட்பட அனைவரும் ஓடினர், ஆகவே அது குற்றம். ஓடிய வீரர்கள் பாதுகாப்பான திசையில் ஓடினர், அது இயல்பு. கோல்கீப்பர் முகிலன் மட்டும் பார்வையாளர் ஒருவரை நோக்கி ஓடினார், அது மைதானத்தை விட்டு வெளியேறியதாகும். பட்டினச்சேரி அணி நீக்கப்படுகிறது. கேலிக்கும் குற்றத்துக்கும் நடுவே உள்ள கோடு இவ்விதமாகக் கண்டுபிடிக்கப்பட்டதைப் பாராட்டி, தலைவருக்குக் ‘கோடு கண்ட செம்மல்’ என்று பட்டமும் பொன்னாடையும் கொடுத்தார்கள். ஓட்டத்தில் அவர் ஒரு செருப்பைத் தொலைத்திருந்தார், அதற்காகவும் கழகம் புண்பட்டது.

போலீஸ் வேலைக்கு மனுப் போடும் கெடு முடிந்ததற்கு மறுநாள் காலை, வலை இழுக்கிற நேரத்தில் முகிலன் கடற்கரைக்கு வந்தான். மூன்று வருஷத்துக்கப்புறம் மணலில் அவன் கால் பட்டதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. போடா வீட்டுக்கு என்றார் உத்திராபதி. வீட்டுல உக்காந்து என்ன பண்றதுப்பா என்று கேட்டான். அதற்கு ஒரு தகப்பன் என்ன சொல்வது? அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்று கயிற்றைப் பிடித்தான். கடல் பக்கம் திரும்பாமல் அப்பா முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். உத்திராபதி எதிரே பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிறவர் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை, பூவாயி முதற்கொண்டு எல்லோர் கையும் கயிற்றில்தான் இருந்தது. எதிரே கடல் ஒன்றுதான் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் போதாமல் இன்றைக்கு இவனையும் வரவழைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தது. அதைப் பார்த்து என்ன பாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம், பழகின பழக்கத்தில் நாக்கில் ஒட்டிக்கிடந்த அந்த ஒரே ஒரு அடிதான்.

எதிரணியினரே – ஏலேலோ
தங்கள் முயற்சி – ஏலேலோ
பாராட்டுக்கு – ஏலேலோ
உரியது – ஏலேலோ

யாரும் சிரிக்கவில்லை. முகிலன் கண்ணை மூடிக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து ஏலேலோ போட்டு இழுத்தான்.